மருந்து இல்லை என்று சொன்ன பிறகு: ஆர்.பி. உறுதியான முதல் ஆண்டு

ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா (ஆர்.பி.) என்ற பெயரை மருத்துவர் சொல்லி முடித்ததும் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு கேள்விகள் கேட்கின்றன. ‘ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?’ என்பது முதலாவது. ‘முழுசா போயிடுமா?’ என்பது அடுத்தது. முதல் கேள்விக்கு இன்றைய பதில், சரியாகாது என்பதுதான். இரண்டாவது கேள்விக்கு நீண்ட பதில் தேவை. புறநோயாளிப் பிரிவில் அடுத்தவர் காத்திருப்பதால் அதைச் சொல்ல அங்கே நேரம் கிடைப்பதில்லை. அந்தப் பதிலைக் கேட்காமல் வீடு திரும்புகிறவர்கள்தான் சில மாதங்களில் நகையை அடகு வைத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள். படிக்கிற பிள்ளையைக் கல்லூரியிலிருந்து நிறுத்துகிறார்கள். நல்ல வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஆர்.பி. பார்வையைக் குறைக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதன் பெயரால் எடுக்கும் அவசர முடிவுகளோ ஒரே ஆண்டில் ஒரு குடும்பத்தை முடக்கிவிடுகின்றன. அதனால் இந்த அத்தியாயம் முதல் ஆண்டைப் பற்றி மட்டும் பேசுகிறது.

கண்ணுக்குள் நடப்பது

விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்துக்கும் ஓரப் பார்வைக்கும் உரியவை குச்சி செல்கள். ஒரு கண்ணில் இவை சுமார் 12 கோடி இருக்கின்றன. பகல் வெளிச்சம், நிறம், எழுத்து ஆகியவற்றைக் கூம்பு செல்கள் கவனித்துக்கொள்கின்றன. இவை சுமார் 60 லட்சம். விழித்திரையின் நடுவில் மேக்குலா என்ற சிறு பகுதியில்தான் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஆர்.பி.யில் ஒரு மரபணுப் பிழையால் குச்சி செல்கள் முதலில் அழியத் தொடங்குகின்றன. அதனால் இருட்டில் தடுமாறுவதுதான் முதல் அறிகுறி. பிறகு பார்வை வட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கி, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிறது. பல ஆண்டுகள் கழித்து, அருகிலிருந்த குச்சி செல்களின் துணை போனபின் கூம்பு செல்களும் நலியும்போதுதான் வாசிப்பு பாதிக்கப்படுகிறது.

இந்த வரிசை குடும்பத்தைக் குழப்புகிறது. மருத்துவமனைப் பலகையில் கடைசி வரி வரை வாசிக்கிறவர், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படிக்கிறவர், கூடத்தில் கிடக்கும் முக்காலியில் இடித்துக்கொள்கிறார். கல்யாண வீட்டில் தரையில் படுத்திருப்பவர் காலை மிதிக்கிறார். எதிரே கை நீட்டியவரின் கையைப் பற்றாமல் கடந்துபோகிறார். தியேட்டரில் விளக்கு அணைந்தபின் அவருக்கு இருக்கை கிடைப்பதில்லை. நம் ஊரில் இதற்கெல்லாம் ஏற்கெனவே பெயர்கள் தயாராக இருக்கின்றன: கவனமில்லாதவன், திமிர் பிடித்தவள், பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவர். நோயின் பெயர் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் ஏராளம். நோய் உறுதியான அன்று அழுகையோடு ஒரு நிம்மதியும் வருவதாக அவர்களில் சிலர் சொல்வது இதனால்தான். அந்த நிம்மதிக்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள், பழைய ஏச்சுகளுக்கு ஒருமுறை வாய்விட்டு வருத்தம் தெரிவித்துவிட்டால், அது எந்த மாத்திரையையும்விட நல்லது செய்யும்.

‘முழுசா போயிடுமா?’ என்ற கேள்விக்கு வருவோம். ஆர்.பி. உள்ள 45 வயதுக்கு மேற்பட்ட 999 பேரின் பார்வையை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1999-இல் வெளியானது. அவர்களில் பாதிக்கும் சற்று மேலானவர்களுக்கு ஒரு கண்ணிலாவது வாசிக்கும் அளவுக்கு நல்ல நடுப்பார்வை இருந்தது. நான்கில் ஒருவருக்கு இரு கண்களிலும் பார்வை கடுமையாகக் குறைந்திருந்தது. இரு கண்களிலும் வெளிச்சம்கூடத் தெரியாதவர்கள் 200-க்கு ஒருவர்தான். இந்த எண்கள் நடுப்பார்வையைப் பற்றியவை. பார்வை வட்டம் சுருங்குவதால் வரும் சிரமத்தை இவை காட்டவில்லை. ஒவ்வொருவரின் மரபணுவுக்கும் ஏற்ப வேகமும் மாறும். ஆனாலும் நோயின் பெயரைக் கேட்டதும் மனம் போய் நிற்கும் அந்த முழு இருட்டு, பெரும்பாலோருக்கு வருவதில்லை.

இன்னொன்று. உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவர் என்பதால் இதை அரிய நோய் என்கிறார்கள். தென்னிந்தியாவில் அது அவ்வளவு அரியதல்ல. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 40 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 930 பேருக்கு ஒருவர், கிராமத்தில் 372 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். உங்கள் தாலுகாவிலேயே இந்த நோயோடு வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே சொல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவரிடம் மறுபடியும் போங்கள்

நோயின் பெயரைக் கேட்ட அன்று மனம் எதையும் வாங்கிக்கொள்ளாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, கேள்விகளை ஒரு தாளில் எழுதி, உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். அன்று முதலில் கேட்க வேண்டியது, ‘இது ஆர்.பி.தானா, அதுபோல் தோன்றும் வேறொன்றா?’ என்பது. இதைக் கேட்கத் தயங்காதீர்கள். வைட்டமின் ஏ குறைவு, சிபிலிஸ் தொற்று, மூட்டுவாதத்துக்கு நெடுநாள் சாப்பிட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரை ஆகியவை விழித்திரையில் இதை ஒத்த தோற்றத்தை உண்டாக்கக்கூடும். இவற்றுக்குச் செய்ய வேண்டியது வேறு. ரெஃப்சம் நோய் போன்ற மிகச் சில வகைகளில் உணவுக் கட்டுப்பாடே சிகிச்சை. அதனால் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போவது அவசியம். ஆண்மைக் குறைவுக்காகச் சாப்பிடும் சில்டெனாஃபில் மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், ஆர்.பி. உள்ளவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

அடுத்து, காது. சிறு வயதிலிருந்தே காது மந்தமாக இருந்து, பிறகு ஆர்.பி.யும் தெரியவந்தால் அது அஷர் நோய்க்குறியாக இருக்கலாம். கை கால்களில் ஆறாவது விரல், சிறு வயதிலிருந்து உடல் பருமன் ஆகியவை சேர்ந்திருந்தால் பார்டே-பீடல் நோய்க்குறி. அதில் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். ஆறாம் விரல் பிறந்ததுமே அகற்றப்பட்டிருந்தால் பிள்ளைக்கே அது நினைவிருக்காது. பெற்றோர்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த முதல் ஆண்டில் எடுக்கும் பரிசோதனைகள் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும். பார்வை வட்டத்தை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன், செல்களின் மின் துலங்கலை அளக்கும் ஈ.ஆர்.ஜி. ஆகியவற்றின் அறிக்கைகளை ஒரு கோப்பில் தேதி வரிசையில் சேர்த்து வையுங்கள். ஃபீல்டு டெஸ்ட் தாள் மிக முக்கியம். ஊனச் சான்றிதழுக்கு அதுதான் ஆதாரம்.

‘மருந்து இல்லை’ என்று கேட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் கண் மருத்துவரிடமே போகாதவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய இழப்பு. ஆர்.பி.க்கு மருந்து இல்லாமல் இருக்கலாம்; அதோடு சேர்ந்து வருகிறவற்றுக்கு உண்டு. ஆர்.பி. உள்ளவர்களுக்கு வழக்கத்தைவிட இளம் வயதிலேயே கண்புரை வருகிறது. அதை அகற்றினால் இருக்கிற நடுப்பார்வை தெளிவாகும். மேக்குலாவில் நீர் கோத்து வாசிப்பு திடீரென மங்கலாம். சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ பலருக்கு அது குறைகிறது. கண்ணாடிப் பவர் சரியில்லாததையும் நோய் முற்றியது என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். சில நாட்களுக்குள் திடீரென மாற்றம் தெரிந்தால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டாம்.

கீரை, மாத்திரை, ஊசி

மாலைக்கண் என்றதும் நம் வீடுகளில் முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஆட்டு ஈரலும் வந்துவிடும். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது நியாயமான வைத்தியம். ஆர்.பி.யில் குறைவது வைட்டமின் அல்ல, செல். கீரை நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். செத்த செல் அதனால் திரும்பாது.

வைட்டமின் ஏ மாத்திரை வேறு விஷயம். 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, தினம் 15,000 யூனிட் வைட்டமின் ஏ எடுப்பது ஆர்.பி.யின் வேகத்தைச் சிறிது குறைக்கலாம் என்றது; அதே ஆய்வில் அதிக அளவு வைட்டமின் ஈ கேடு செய்வதாகத் தோன்றியது. அந்தப் பலன் உண்மைதானா என்ற ஐயம் மருத்துவர்களிடம் இன்றும் இருக்கிறது. இவ்வளவு வைட்டமின் ஏ நாள்பட எடுத்தால் கல்லீரல் கெடலாம். கர்ப்பிணியின் கருவுக்கும் தீங்கு. ஸ்டார்கார்ட் போன்ற, ஏ.பி.சி.ஏ.4 மரபணுவால் வரும் விழித்திரை நோய்களில் அது நோயையே வேகப்படுத்தக்கூடும். எந்த மரபணு என்று தெரியாமல், யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் இதை வாங்காதீர்கள்.

மிகப் பெரிய ஆபத்து ஸ்டெம் செல் ஊசி. இதைப் பற்றி மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, விழித்திரை நோய்க்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லி விற்க இடமில்லை. அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அதே 2017-இல், ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் மேக்குலா நோய்க்காகப் பணம் கட்டி, இரு கண்களிலும் ஒரே நாளில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஊசியாகப் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்த செய்தி மருத்துவ இதழில் வெளியானது. ஊசிக்கு முன் அவர்களால் ஓரளவு பார்க்க முடிந்தது.

நேர்மையான மருத்துவ ஆராய்ச்சியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சோதனையில் இருக்கும் மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குப் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார்கள். இரு கண்களையும் ஒரே நாளில் தொட மாட்டார்கள். குணமாகும் என்று உறுதி கொடுக்கவும் மாட்டார்கள். ‘இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் சலுகை’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மரபணுப் பரிசோதனை யாருக்கு, எதற்கு

ஆர்.பி.யை உண்டாக்கும் மரபணுக்கள் 80-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. ஆர்.பி. என்பது பல நோய்களுக்கு வைத்த ஒரே பெயர். 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்து, ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை உள்ளவர்களுக்கு மட்டும். அதிலும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிச்சமிருந்தால் மட்டும். விலை இரு கண்களுக்கும் சேர்த்து 8.5 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். ஆர்.பி. உள்ளவர்களில் இந்த மரபணுவைச் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. செய்தித்தாளில் ‘பார்வையிழப்புக்குப் புதிய மருந்து’ என்று தலைப்பு வரும்போதெல்லாம், ‘எந்த மரபணுவுக்கு?’ என்று கேட்கப் பழகுங்கள்.

இன்று மருந்து இல்லாவிட்டாலும் பரிசோதனையால் பயன் உண்டு. எந்த வகை என்று தெரிந்தால் நோயின் போக்கை மருத்துவர் ஓரளவு சொல்ல முடியும். நாளை உங்கள் மரபணுவுக்கு ஆய்வு தொடங்கினால் அழைப்பு வரும் வரிசையில் இருப்பீர்கள். கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும். ஆனால் எல்லோருக்கும் விடை கிடைப்பதில்லை. பொருள் தெளிவாகாத மாற்றம் என்றும் அறிக்கை வரலாம். செலவு செய்யும் முன் மரபணு ஆலோசகரிடமோ விழித்திரை மருத்துவரிடமோ பேசுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடலாம். அதனால் கண்ணுக்குக் கேடு வராது.

உறவுக்குள் பேச வேண்டியவை

தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சொந்தத்தில் நடப்பவை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அக்காள் மகள், அத்தை மகன், மாமன் மகள் என்று ஒரே குடும்பத்துக்குள் மணம் முடிக்கும்போது, அந்தக் குடும்பத்தில் மறைந்து வந்த பிழையுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருவரிடமும் இருந்தால் இருவருக்கும் கண் நன்றாக இருக்கும்; பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதில் ‘உன் பக்கத்திலிருந்து வந்தது’ என்று யாரையும் கைகாட்ட முடியாது. இருவரும் சமமாகக் கொடுத்தால்தான் நோயே வரும். ஆனாலும் பழி பெரும்பாலும் தாய் மேல்தான் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டாள் என்று பேச்சு கிளம்புகிறது. கிரகணம் மரபணுவை மாற்றாது. இதை வீட்டில் மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடமையை மருத்துவரிடம் தள்ளிவிட முடியாது.

வேறு வகைகளும் உண்டு. ஒன்றில் நோயுள்ள பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இன்னொன்றில் தாய் வழியாக மகன்களுக்கு வரும். அந்தத் தாய்க்கும் இரவில் லேசான சிரமம் இருக்கலாம். சொந்தத்தில் மணம் முடிக்காத வீடுகளிலும் ஆர்.பி. வருகிறது. அதனால் இது முன்னோர் செய்த தவறு என்று பேசிப் பயனில்லை. அடுத்த தலைமுறைக்குத் திருமணம் பேசும்போது சொந்தத்தில் வேண்டாம் என்று முடிவெடுப்பதில் பயன் உண்டு.

உடன்பிறந்தவர்களுக்குச் சொல்லுங்கள். இருட்டில் தடுமாறும் தம்பி ஒருவர் இரவு ஷிஃப்டில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்தால் போதும். கல்யாணச் சந்தையை நினைத்துப் பல குடும்பங்கள் மூடி மறைக்கின்றன. பெண் வீட்டில் இந்தப் பயம் இன்னும் அதிகம்; அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்து நடத்திய திருமணத்தில், முதல் பவர்கட் அன்றே உண்மை வெளிவந்துவிடும். அதன்பின் அந்த வீட்டில் நோயைவிட ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்புதான் பெரிதாக நிற்கும். நிச்சயத்துக்கு முன்பே, முடிந்தால் மருத்துவரையும் உடன் வைத்துக்கொண்டு, சொல்லிவிடுங்கள். தெரிந்தே ஒப்புக்கொண்டு வருகிறவரோடு வாழ்வதற்கான வழி அப்போது திறக்கிறது.

வண்டிச் சாவி

ஆர்.பி. உறுதியான ஆணிடம் பேசக் கடினமான விஷயம் பைக். ‘பகல்ல நல்லாத்தானே தெரியுது’ என்பார், அது உண்மைதான். நேரே இருக்கும் சாலை தெரியும். இடப்பக்கச் சந்திலிருந்து ஓடி வரும் குழந்தை தெரியாது. மாலை ஆறு மணிக்கு எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு பட்டபின் சில நொடிகளுக்கு எதுவுமே தெரியாது. இரவில் ஓட்டுவதை நோய் தெரிந்த அன்றே நிறுத்த வேண்டும். பகலில் ஓட்டலாமா என்பதை ஃபீல்டு டெஸ்ட் தாளைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். ஓட்டக் கூடாது என்றால் கூடாதுதான்.

சாவியைப் பிடுங்கி ஒளித்து வைப்பது தீர்வல்ல. அவர் தினமும் போகும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த பஸ், எந்த ஷேர் ஆட்டோ, யார் கூட வருவார்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். மாற்றுத்திறனாளிகளும் அவர்களோடு உதவிக்கு வருகிறவரும் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகும் வசதி 2021-இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. வண்டியை விற்ற பணத்தை ஆட்டோவுக்கு என்று தனியாக எடுத்து வைத்த குடும்பங்களில் சண்டை குறைந்திருக்கிறது.

மனம்

முதல் சில மாதங்களில் தூக்கமின்மை, கோபம், யாரையும் பார்க்கப் பிடிக்காமை, கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்ப்பது எல்லாம் வரும். ஆர்.பி.யின் துக்கம் ஒருமுறையோடு முடிவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியை விட்டபோது ஒன்று, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது ஒன்று என்று படிப்படியாக வரும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் துக்கப்படுவது பலவீனமல்ல. ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 104 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆர்.பி.யில் கண்ணுக்குள் மின்னல் போன்ற ஒளித்துளிகள் தெரிவது சாதாரணம். பார்வை நன்றாகக் குறைந்த சிலருக்கு, இல்லாத உருவங்களும் தெரியலாம்: மனித முகங்கள், பூ வேலைப்பாடு, சிறு உருவங்களின் ஊர்வலம். அவை சத்தம் எழுப்பாது. ‘இது நிஜமில்லை’ என்று பார்க்கிறவருக்கே தெரியும். தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-இல் எழுதிவைத்த சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல் பொன்னே பெயரால் இது அழைக்கப்படுகிறது. போதிய காட்சி வராததால் மூளை தானே படம் வரைந்துகொள்கிறது. இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. வேப்பிலை அடிக்கும் இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். இதற்குப் பயந்தே வெளியில் சொல்லாமல் தனியாகத் தவிக்கும் முதியவர்கள் உண்டு; வீட்டில் ஒருவர் மெதுவாக விசாரித்துப் பாருங்கள்.

சான்றிதழும் வேலையும்

‘பலகையில எல்லா எழுத்தும் படிக்கிறீங்களே, உங்களுக்கு எதுக்கு சர்ட்டிஃபிகேட்?’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பார்வைக் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை. பார்வை வட்டம் 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை சுருங்கியிருந்தால் குறைபார்வை என்றும், 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தாலும் இது பொருந்தும். அதனால் மருத்துவக் குழுவுக்குப் போகும்போது அண்மையில் எடுத்த ஃபீல்டு டெஸ்ட் தாளைக் கொண்டுபோங்கள். பலகையைக் காட்டி அனுப்ப முயன்றால், வட்டத்தையும் அளந்து பதியும்படி கேளுங்கள்.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி செய்வார்கள். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று பதிவானால் அரசு வேலையிலும் உயர்கல்வியிலும் இட ஒதுக்கீடு கிடைக்கும். பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் கழிவும், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவும் உண்டு. தேர்வு எழுதும் பிள்ளைக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதைக் கேட்டு எழுதுபவரும் கிடைப்பார்கள். அட்டையை வாங்க வெட்கப்படுகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: வாங்கி அலமாரியில் வைத்திருப்பதில் என்ன நட்டம்?

அரசு ஊழியர்கள் இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டது என்பதற்காக அரசு நிறுவனம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. பார்த்துவந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். ‘நீங்களே வி.ஆர்.எஸ். எழுதிக்கொடுத்துடுங்க’ என்று அன்பாகச் சொல்கிறவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் வேலையில் இந்தப் பாதுகாப்பு இவ்வளவு வலுவாக இல்லை. அங்கே யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவசரமில்லாமல் யோசித்து முடிவு செய்யுங்கள். இயந்திரம், வண்டி, உயரம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் உடனே சொல்லிவிட வேண்டும்.

வீடு, கைப்பேசி, வெண்கோல்

வீட்டில் பெரிய செலவு வேண்டாம். பாதி திறந்து நிற்கும் கதவும், மூடாமல் விட்ட அலமாரிக் கதவும்தான் நெற்றியை உடைப்பவை. ஒன்று முழுக்கத் திற, இல்லாவிட்டால் முழுக்க மூடு என்று எல்லோருக்கும் பழக்குங்கள். நடைபாதையில் குடமோ செருப்போ பிள்ளையின் சைக்கிளோ இருக்கக் கூடாது. படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள், அல்லது மஞ்சள் டேப் ஒட்டுங்கள். வெள்ளைத் தட்டில் இட்லி தெரியாது. வாழையிலையிலோ கரும்பச்சைத் தட்டிலோ நன்றாகத் தெரியும். பளபளக்கும் எவர்சில்வர் தட்டு கண்ணைக் கூசவைக்கும். வெயிலில் தொப்பியும் மஞ்சளோ ஆரஞ்சோ சாயம் ஏற்றிய கண்ணாடியும் கூச்சத்தைக் குறைக்கும். எந்தச் சாயம் ஒத்துவரும் என்பதைக் குறைபார்வைப் பிரிவில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது.

கைப்பேசியில் பேசும் வசதி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம்; தமிழையும் வாசிக்கும். ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இவற்றைக் கற்க உகந்த காலம், திரையை இன்னும் கண்ணால் பார்க்க முடிகிற இந்தக் காலம்தான். தவறாகத் தட்டினால் என்ன நடந்தது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

வெண்கோலுக்கும் இதுவே பொருந்தும். முழுதாகப் பார்வை போனவர்களுக்குத்தான் அது என்று எண்ணி, பல் உடைந்த பிறகும் ஒத்திப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளும் கோல் கிடைக்கிறது. பகலில் பையில் இருக்கட்டும், இருட்டியதும் கையில் எடுங்கள். அதைப் பார்த்ததும் எதிரே வருகிறவர் ஒதுங்குவார், நடத்துநர் கை கொடுப்பார், திமிர் பிடித்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பூந்தமல்லியில் மத்திய அரசின் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. கோல் பிடித்து நடக்கவும், கணினி பழகவும் எங்கே பயிற்சி கிடைக்கும் என்று அங்கே விசாரியுங்கள். நடுப்பார்வை நன்றாக இருக்கும்போதே பயிற்சிக்குப் போய்ச் சேருங்கள். துணைக்கு வீட்டில் ஒருவரும் வரட்டும்.